கணிப்பொறியின் கோழித் தூக்கம்

வீட்டு விளக்கை அணைத்தால் அது அணைந்துவிடுகிறது. மின்விசிறி நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. அணைத்த விளக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை. இந்த எளிய நியதிக்கு உட்படாத பொறி ஒன்று நம் மேசைமேல் வந்து அமர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அதுதான் கணிப்பொறி. அணைக்கிறோம், திரை இருள்கிறது, உள்விசிறியின் ஓசை அடங்குகிறது. ஆனால் உள்ளே ஒரு பகுதி உறங்குவதில்லை. கிராமத்தில் கோழித் தூக்கம் என்பார்களே, அத்தகைய தூக்கம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு இருந்தது. அங்கே 24 கணிப்பொறிகள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. அதற்குள் எல்லாவற்றிலும் ஒரு புதிய நிரலை நிறுவ வேண்டும். சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஞாயிறு இரவு வீட்டிலிருந்தபடியே கூடத்தின் சர்வர் வழியாக ஒவ்வொன்றையும் எழுப்பி, வேலையை முடித்து மறுபடி உறங்க வைப்பது என்பது திட்டம். முந்தைய வாரம் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஞாயிறு இரவு அழைப்பு விடுத்தேன். 15 பொறிகள் எழுந்தன. 8 பொறிகளிடமிருந்து மூச்சே இல்லை. மீதமிருந்த ஒன்று எழவும் இல்லை, செத்தும் கிடக்கவில்லை. அதன் முகவரியைத் தேடிப் போனால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒரு பக்கத்தை அழகாக அனுப்பி வைத்தது. அணைந்து கிடக்கும் கணிப்பொறி ஒரு பக்கத்தை எப்படி அனுப்பும்?

அன்றிரவு பேருந்து பிடித்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஒன்பது பொறிகளையும் கையால் இயக்கி வேலையை முடித்தேன். தேர்வும் நடந்துவிட்டது. ஆனால் ஒரே கூடத்தில், ஒரே சொல்லால் அணைக்கப்பட்ட 24 பொறிகள் மூன்று வெவ்வேறு நிலைகளில் கிடந்தது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடத் தேட, குற்றம் அந்த ஒன்பது பொறிகளிடம் இல்லை, ‘ஷட் டவுன்’ என்ற அந்த ஒரு சொல்லிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் குற்றச்சாட்டையே இங்கே வாசகர் முன் வைக்கிறேன்.

பொத்தான் விண்ணப்பம் ஆன கதை

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு நிற விசை ஒன்று இருந்தது. அதைக் கீழே தள்ளினால் சுவரிலிருந்து வரும் மின்சாரமே துண்டிக்கப்படும். அணைத்தல் என்றால் அணைத்தல்தான். 1990-களின் நடுவிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே. விண்டோஸ் 95 பயன்படுத்திய மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்: வேலை முடிந்ததும் கறுப்புத் திரையில், இனி நீங்கள் கணிப்பொறியை அணைக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வரும். மென்பொருள் தன் கடையைக் கட்டிக்கொண்டு விலகிவிடும். விசையை அழுத்துவது மனிதனின் வேலை. இருவரின் எல்லையும் தெளிவாக இருந்தது.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் புதிய கட்டமைப்பை வெளியிட்டது. இதில் முன்பக்கப் பொத்தானுக்கும் சுவர் மின்சாரத்துக்கும் நேரடி உறவு அறுந்தது. நாம் எஸ்.எம்.பி.எஸ். என்று அழைக்கும் மின்வழங்கிப் பெட்டி, சுவரில் மின்சாரம் இருக்கும்வரை ஊதா நிறக் கம்பி ஒன்றின் வழியே 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தாய்ப்பலகைக்கு எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் தாய்ப்பலகைக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. தாய்ப்பலகை மனம் வைத்துப் பச்சை நிறக் கம்பியைப் பூச்சிய மின்னழுத்தத்துக்கு இழுத்தால்தான் மற்ற மின்வழிகள் திறக்கும். (பழுது பார்ப்பவர்கள் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்து எஸ்.எம்.பி.எஸ். ஓடுகிறதா என்று பார்ப்பது இதனால்தான்.)

அடுத்த ஆண்டு, 1996 டிசம்பரில், இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்னும் வரையறையை வெளியிட்டன. விழிப்பு எஸ்-0, நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து உறங்குவது எஸ்-3, நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குவது எஸ்-4, மென்பொருளால் அணைக்கப்பட்ட நிலை எஸ்-5. இவற்றுக்கெல்லாம் அப்பால், சுவர் மின்சாரமே இல்லாத நிலைக்கு ஜி-3 என்று பெயர். அதாவது நாம் சாதாரணமாக ‘அணைத்தேன்’ என்று சொல்வது எஸ்-5. நம் பாட்டனார் அறிந்த அணைத்தல் ஜி-3. வரையறை எழுதியவர்கள் இவ்வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தார்கள், ஆவணத்தில் பிரித்தும் எழுதினார்கள். ஆனால் திரையில் நமக்குக் காட்டியது ஒரே சொல்தான்.

102 பைட்டில் ஒரு திருப்பள்ளியெழுச்சி

ஊதாக் கம்பியின் 5 வோல்ட் வந்துகொண்டே இருப்பதால் நெட்வொர்க் கார்டுக்கும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இதைப் பயன்படுத்திக்கொள்ள 1995 நவம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் ஹ்யூலெட் பேக்கர்டுடன் சேர்ந்து உருவாக்கிய உத்தியை வெளியிட்டது. மேஜிக் பாக்கெட் என்று பெயர் சூட்டினார்கள். மந்திரப் பொட்டலம் எனலாம். இதைக் கொண்டு பொறியை எழுப்பும் முறையே வேக் ஆன் லேன்.

அந்தப் பொட்டலத்தில் மந்திரம் எதுவும் இல்லை, எளிமைதான் இருக்கிறது. முதலில் 255 என்ற எண் ஆறு முறை. பிறகு, எழுப்ப வேண்டிய கணிப்பொறியின் மேக் முகவரி பதினாறு முறை. மேக் முகவரி 6 பைட் நீளமுள்ளது. எனவே 6-உம் 96-உம் சேர்ந்து 102 பைட். உறங்கும் கார்டுக்கு அறிவு வேண்டியதில்லை. கடந்து செல்லும் பொட்டலங்களில் இந்தக் கோலம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒரே பெயரைப் பதினாறு முறை அடுத்தடுத்துச் சொல்லும் வேறு செய்தி தற்செயலாக வருவது அரிது. இத்தனை சிக்கனமாக வேலையை முடித்த உத்திகள் கணிப்பொறித் துறையில் அதிகம் இல்லை. அந்த வகையில் இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் இதில் மூன்று குறைகள் பிறவியிலேயே உள்ளன. பொட்டலத்தைப் பெற்ற பொறி, பெற்றேன் என்று பதில் அனுப்புவதில்லை. அனுப்பியவன் எழுந்ததா இல்லையா என்று இருட்டில் கிடக்க வேண்டியதுதான். அனுப்புபவன் யார் என்று கேட்பதுமில்லை. மேக் முகவரி தெரிந்த எவரும் எழுப்பலாம். கடவுச்சொல் சேர்க்கும் வசதி பின்னர் சில கார்டுகளில் வந்தது, எங்கும் பரவவில்லை. மூன்றாவது, அழைப்பு பொதுவாக எல்லோருக்குமான அறிவிப்பாகவே தெருவில் போகிறது. ரூட்டர்கள் அத்தகைய அறிவிப்புகளை அடுத்த தெருவுக்கு விடுவதில்லை. தனி முகவரியிட்டு அனுப்பலாமே என்றால், உறங்கும் பொறி ‘இந்த முகவரி என்னுடையது’ என்று சொல்லாததால் சற்று நேரத்தில் ரூட்டர் அதை மறந்துவிடுகிறது. அணைத்த ஐந்தாம் நிமிடம் எழுந்த பொறி ஐந்தாம் மணி நேரம் எழாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நான் சர்வரைக் கூடத்துக்குள்ளேயே வைத்திருந்ததால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பினேன்.

யார் சொல்வதைக் கேட்பது?

இனி, எழாத பொறியிடம் வருவோம். முதலில் செய்ய வேண்டியது மென்பொருளைத் துழாவுவது அன்று. பொறியை அணைத்துவிட்டு அதன் பின்பக்கம் குனிந்து, நெட்வொர்க் கம்பி செருகியிருக்கும் இடத்தில் உள்ள சிறு விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் கார்டுக்கு உயிர் இருக்கிறது, கம்பியின் மறுமுனையோடு தொடர்பும் இருக்கிறது. எரியாவிட்டால் எத்தனை மந்திரப் பொட்டலம் அனுப்பினாலும் பயனில்லை.

என் எட்டுப் பொறிகளில் மூன்றில் இந்த விளக்கு எரியவில்லை. மூன்றும் பின்னால் வாங்கியவை. இங்கே நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். அணைத்த பின்னும் கருவிகள் குடிக்கும் மின்சாரத்தைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் 1275 ஆம் எண் விதியைக் கொண்டுவந்தது. அதன்படி அணைந்த நிலையில் 2010 ஜனவரி முதல் 1 வாட், 2013 ஜனவரி முதல் அரை வாட் என்பது உச்ச வரம்பாக இருந்தது. விதியின் நோக்கம் நியாயமானது. 1 வாட் என்பது சிறு தொகைதான். ஆனால் ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆண்டு முழுவதும் அணைந்தே கிடக்கும் நூறு பொறிகள், ஒன்றும் செய்யாமலே 876 யூனிட் மின்சாரத்தைத் தின்றுவிடும். உலகச் சந்தைக்குத் தாய்ப்பலகை செய்பவர்கள் இவ்விதிக்காக ஒரு வசதி செய்தார்கள்: எஸ்-5 நிலையில் ஊதாக் கம்பியின் மின்சாரத்தையும் பெரும்பாலான உறுப்புகளுக்கு நிறுத்திவிடுவது. நெட்வொர்க் கார்டின் உயிரும் அத்தோடு போய்விடும்.

இதில் தவறில்லை. தவறு பெயர் சூட்டியதில் இருக்கிறது. இந்த வசதி பயாஸ் பட்டியலில் ஓரிடத்தில் ‘டீப் ஸ்லீப் கண்ட்ரோல்’ என்றிருக்கும், மற்றொன்றில் ‘ஈ.ஆர்.பி. ரெடி’, இன்னொன்றில் ‘எஸ்5 மேக்ஸிமம் பவர் சேவிங்ஸ்’. வேக் ஆன் லேன் வேறொரு பக்கத்தில் தனியாக இருக்கும். முதலாவதை இயக்கினால் இரண்டாவது செத்துவிடும் என்று பல பயாஸ் பட்டியல்கள் எச்சரிப்பதில்லை. இரண்டையும் ‘இயக்கு’ என்று வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஐரோப்பியச் சட்டம் எழுதியவர்களே இதில் மேல். கணிப்பொறிகளுக்கென்று 2013-இல் வந்த 617 ஆம் எண் விதி, அணைந்த பொறிக்கு 1 வாட் என்றும், அணைந்த பின் லேன் அழைப்புக்குக் காத்திருக்கும்படி விற்கப்படும் பொறிக்கு அதற்கு மேல் 0.7 வாட் என்றும் பிரித்து எழுதியது. அணைத்தலில் இரண்டு வகை உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. திரை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

விளக்கு எரிந்தும் எழாத பொறிகளுக்கு வேறு காரணங்கள். உறங்கப் போகும் கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த விநாடிக்கு 1000 மெகாபிட் வேகத்திலிருந்து 10 மெகாபிட்டுக்கு இறங்குவதுண்டு. கம்பியின் மறுமுனையிலுள்ள ஸ்விட்ச் பெட்டியில் வேகத்தை நிலையாகக் கட்டிப் போட்டிருந்தால் தொடர்பு அறுந்துவிடும். மின்தடை வந்து போனால் இன்னொரு சிக்கல். ‘இனி நீ அழைப்பைக் கவனித்துக்கொண்டிரு’ என்ற கட்டளையைக் கார்டுக்குக் கொடுப்பது பயாஸோ இயக்க அமைப்போதான். சுவர் மின்சாரம் போய்த் திரும்பியபின் பல பொறிகளில் அந்தக் கட்டளை மறந்துபோகிறது. ஒருமுறை பொறியை இயக்கி முறைப்படி அணைத்தால்தான் மறுபடி காது திறக்கும். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம் விண்டோஸ் 8 வெளிவந்த 2012-இல் பிறந்தது. பொறி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக ஒரு புதிய அணைத்தலை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பயனாளரின் வேலைகளை மூடிவிட்டு, இயக்க அமைப்பின் உட்கருவை மட்டும் வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குவது. அணைத்தல் என்று பெயர். நடப்பது எஸ்-4 போன்ற ஒன்று. இந்த நிலையிலும் சரி, முழு அணைத்தலிலும் சரி, நெட்வொர்க் கார்டை அழைப்புக்காகத் தயார் செய்வதில்லை என்பது அந்நிறுவனத்தின் முடிவு. அணைத்த பொறி மின்சாரம் குடிக்காது என்றும் தானாக எழாது என்றும் மக்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். நல்ல காரணம்தான்! ஆனால் தாய்ப்பலகை செய்தவர் இந்த முடிவுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். பயாஸ் தன் விருப்பப்படி கார்டைத் தயார் செய்துவிடும் பொறிகள் எழுகின்றன. இயக்க அமைப்பின் சொல்லைக் கேட்கும் பொறிகள் எழுவதில்லை. இன்னும் வேடிக்கை, திரையில் சுட்டியால் அணைத்தால் புதிய முறை. கட்டளை வரியில் ‘ஷட் டவுன்’ என்று தட்டி அணைத்தால் பழைய முறையான முழு அணைத்தல். முந்தைய வாரச் சோதனையின்போது நான் எல்லாவற்றையும் கட்டளை வரியால் அணைத்திருந்தேன். சனிக்கிழமை மாலை மாணவர்கள் சுட்டியால் அணைத்தார்கள். ‘வேகத் தொடக்கம்’ என்ற வசதியை மின்சார அமைப்புப் பக்கத்தில் நீக்கிவிட்டால் இந்த வேறுபாடு மறைகிறது. பெரும்பாலான பொறிகள் எழுந்தும் விடுகின்றன.

அணைந்த பொறி அனுப்பிய பக்கம்

இனி, கடவுச்சொல் கேட்ட அந்த ஒற்றைப் பொறி. அது ஆசிரியரின் மேசையில் இருந்தது. அலுவலகப் பயனுக்கென விற்கப்பட்ட உயர்ந்த வகை. அதில் இன்டெலின் ஏ.எம்.டி. நுட்பம் இருந்தது. (முன்னே சொன்ன ஏ.எம்.டி. நிறுவனம் வேறு, இது வேறு. பெயர் வைப்பவர்களை என்ன சொல்வது!) 2006-இல் வி-ப்ரோ என்ற வணிகப் பெயரோடு இது பரவத் தொடங்கியது. தாய்ப்பலகையின் சில்லுத் தொகுதிக்குள்ளேயே தனியாக ஒரு சிறு நுண்செயலி. அதற்கென்று தனி நிரல். பெரிய பொறியின் நெட்வொர்க் கம்பியையே பகிர்ந்துகொள்ளும். வட்டு கெட்டிருந்தாலும், விண்டோஸ் விழுந்து கிடந்தாலும், பொறி அணைந்தே இருந்தாலும், 16992 என்ற எண்ணுள்ள போர்ட்டைத் தட்டினால் இது கதவைத் திறக்கும். உள்ளே போய்ப் பொறியை இயக்கலாம், நிறுத்தலாம், தொலைவிலுள்ள கோப்பிலிருந்து தொடங்க வைக்கலாம். ஆயிரம் பொறிகளைக் காக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. அன்றிரவு அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் தெரிந்திருந்தால் எனக்கும் அந்த ஒரு பொறியைப் பொறுத்தவரை அப்படித்தான் இருந்திருக்கும்.

இதிலும் அணைத்தபின் தொடர்பு அறுவது உண்டு. காரணங்கள் பெரும்பாலும் மூன்று. சிறு நுண்செயலி எந்தெந்த உறக்க நிலைகளில் விழித்திருக்க வேண்டும் என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. ‘எஸ்-0 மட்டும்’ என்று வைத்திருந்தால் பொறி ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும், அணைத்த நொடியில் மறைந்துவிடும். மடிக்கணிப்பொறியானால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும். மூன்றாவது, முகவரிக் குழப்பம்: விண்டோஸுக்கு நிலையான முகவரி கொடுத்துவிட்டு, சிறு செயலியைத் தானே முகவரி கேட்டு வாங்கும்படி விட்டிருந்தால், அணைத்தபின் அது வேறு முகவரியில் குடியேறக்கூடும், நாம் பழைய வீட்டு வாசலில் நின்று தட்டிக்கொண்டிருப்போம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிறிது நேரம் யாரும் தட்டாவிட்டால் இந்தச் சிறு செயலியும் உறங்கிவிடும்படி அமைக்கலாம். அப்போது முதல் அழைப்பு அதை எழுப்பும். பதில் வருவதற்குள் நம் பொறுமை தீர்ந்திருக்கும். இரண்டாம் முறை அழைத்தால் உடனே பதில் வரும். இரவில் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் மூன்றாம் முறை கூப்பிடும் வரை பதில் சொல்லாதே என்று பாட்டிமார் பயமுறுத்துவார்களே, அது நினைவுக்கு வந்தது.

எழவில்லை என்ற குறையை மட்டும் பேசிவந்தோம். அணைந்தது என்று நாம் நம்பும்போது அணையாமல் இருப்பது அதைவிடப் பெரிய குறை. 2017 மே மாதம் இந்த நுட்பத்தில் ஒரு பிழை வெளியாயிற்று. எம்பெடி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் மக்சிம் மல்யூட்டின் கண்டுபிடித்தது. கடவுச்சொல்லை நேராக அனுப்பாமல் அதிலிருந்து கணக்கிட்ட ஒரு விடையை அனுப்புவது இதில் வழக்கம். சிறு செயலி தானும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் ஒப்பிடும். எத்தனை எழுத்துகளை ஒப்பிடுவது? வந்த விடையில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றனவோ அத்தனை, என்று நிரலை எழுதியிருந்தார்கள். யாராவது வெறுமையான விடையை அனுப்பினால்? பூச்சியம் எழுத்துகளை ஒப்பிட வேண்டும், பூச்சியமும் பூச்சியமும் ஒத்துப்போகும், கதவு திறந்துவிடும். பற்களே இல்லாத சாவியைப் பூட்டு ஏற்றுக்கொண்டது போல. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் இந்த ஒரு வரியைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கலாம். 6 முதல் 11.6 வரையிலான பதிப்புகளில் இப்பிழை இருந்தது. அதாவது ஏழு ஆண்டு அளவுக்கு, அமைத்து இயக்கப்பட்ட பொறிகள் அணைந்திருந்தபோதும் கதவைத் திறந்து வைத்திருந்தன. இன்டெல் திருத்தம் வெளியிட்டது. ஆயினும் திருத்தத்தை ஒவ்வொரு கணிப்பொறி நிறுவனமும் தன் தாய்ப்பலகைக்கேற்ப வாங்கிக் கொடுக்க வேண்டும். பழைய மாதிரிகளுக்கு எத்தனை பேர் கொடுப்பார்கள்? 2018 ஜனவரியில் எஃப்-செக்யூர் நிறுவனம் இன்னொன்றைச் சுட்டிக்காட்டியது: இந்நுட்பத்தின் அமைப்புப் பட்டியலுக்கு ஆரம்பக் கடவுச்சொல் ‘அட்மின்’, யாரும் மாற்றாமல் விட்ட பொறியை ஒரு நிமிடத்துக்குள் கையகப்படுத்தலாம், பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தாலும்.

இந்தச் சிறு நுண்செயலியின் 2015-க்குப் பிந்தைய தலைமுறையில் ஓடுவது மினிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு. மாணவர்களுக்குப் பாடம் சொல்வதற்காக ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனென்பாம் எழுதி 1987-இல் வெளியிட்ட அதே மினிக்ஸின் வழித்தோன்றல். தம் நிரல் இத்தனை பொறிகளுக்குள் குடியிருப்பது அவருக்கே தெரியாது. 2017 நவம்பரில் இன்டெலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உரிமப்படி இன்டெல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற தொனியில் இருந்தது அக்கடிதம். படைத்தவருக்கே சொல்லாதவர்கள் வாங்குபவருக்கா சொல்லப் போகிறார்கள்?

சர்வர்களில் நிலைமை சற்று நேர்மையானது. 1998-இல் இன்டெல், டெல், ஹ்யூலெட் பேக்கர்டு, என்.இ.சி. ஆகியவை வகுத்த ஐ.பி.எம்.ஐ. முறையில் மேற்பார்வைச் சில்லு தனி. பல பொறிகளில் அதற்கு நெட்வொர்க் துளையும் தனி. கம்பியைப் பிடுங்கினால் பேச்சு நின்றது. கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். பாதுகாப்பில் இதுவும் உத்தமம் அன்று. பயனர் பெயரைச் சொல்லிக் கேட்பவர் எவருக்கும், கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட முத்திரையை இதன் இரண்டாம் பதிப்பு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது என்று 2013-இல் டான் ஃபார்மர் எடுத்துக்காட்டினார். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஊகித்துக் கொள்ளலாம். பிழை வரையறையிலேயே இருப்பதால் நிரலைத் திருத்திப் பயனில்லை. எனவே அந்தத் தனிக் கம்பியைப் பொது வலையமைப்பில் செருகாமல் இருப்பதே நல்லது. ஆனால் செருகுவதா வேண்டாமா என்ற முடிவு நம் கையில் இருக்கிறது. மேசைக் கணிப்பொறியில் அந்த உரிமை நமக்கு இல்லை.

திரையில் இரண்டு சொற்கள் போதும் என்பது என் கருத்து. ‘அணை, அழைத்தால் எழு’ என்று ஒன்று. ‘முழுதும் அணை’ என்று மற்றொன்று. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் இயக்க அமைப்பும் பயாஸும் கார்டும் கலந்து பேசி, முடியும் அல்லது முடியாது என்று அணைவதற்கு முன் ஒரு வரி சொல்லட்டும். முன்பக்கத்தில் ஒரு சிறு விளக்கு, காது திறந்திருப்பதற்கு அடையாளமாக எரியட்டும். தொலைக்காட்சிப் பெட்டியில் பல ஆண்டுகளாக இருக்கும் சிவப்புப் பொட்டைவிட இது பெரிய கண்டுபிடிப்பு அன்று.

எட்டுப் பொறிகளில் மூன்றைப் பற்றித்தான் சொன்னேன். மற்ற ஐந்தும் கடைசி வரிசையில் இருந்தவை. திங்கட்கிழமைக்குப் பின் பார்த்தபோது அவற்றின் பின்பக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பயாஸில் குறையில்லை, வேகத் தொடக்கமும் நீக்கப்பட்டிருந்தது, அணைத்துவிட்டு அழைத்தால் உடனே எழுந்தன. அடுத்த சனிக்கிழமை இரவு வீட்டிலிருந்து அழைத்தேன். ஐந்தும் எழவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை எல்லோரும் போனபின் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு உதவியாளர் வந்தார். சன்னல்களைச் சாத்தினார். கடைசி வரிசைக்குப் போய்ச் சுவரில் இருந்த ஐந்து சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாக அணைத்தார். மற்ற வரிசைகளின் சுவிட்சுகள் மேசைக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் இருந்தன. அதனால்தான் அவை பிழைத்தன. திங்கள் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஐந்தையும் போட்டுவிடுவாராம். முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவில் மின்கசிவால் ஓர் அறை எரிந்ததைப் பார்த்தவர் அவர்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போகச் சொன்னீங்களே சார், அணைச்சேன்” என்றார்.